பெருமந்தம்: காரணமும் பரிகாரமும்

பஞ்சம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் சமஸ்தானத்தையும் ஒருங்கே வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் கதை, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு நம் செவிக்கும் வந்திருக்கிறது. பஞ்சத்தில் மழை பொய்க்கும், தானியம் அருகும், விலை ஏறும், வாங்க இயலாதவர் மடிவர். 1929-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த துன்பமோ வேறு வகையானது. அப்போது களத்தில் நெல் இருந்தது, கொள்வாரில்லை. தோட்டத்தில் ரப்பர் இருந்தது. பால் வடிக்கும் கூலிக்கும் அதன் விலை கட்டவில்லை. பண்டம் மலிந்திருக்க மக்கள் வறியவராயினர். இதனைப் பொருளாதார மந்தம் என்கிறோம். உண்டது செரியாத வயிற்றையும் நாம் மந்தம் என்றே சொல்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. உணவு உள்ளே இருக்கிறது, உடலில் சேரவில்லை.

இந்தப் பெருமந்தம் ஏன் வந்தது, அரசாங்கங்கள் அதற்கு என்ன செய்தன, பிழைப்புத் தேடி ஊர் விட்டுச் சென்ற தமிழர் அதில் எங்கே நின்றனர் என்பவற்றை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

உலக அளவில் காரணங்கள் பல. முதலாவது, விளைச்சல் மிகுதி. முதல் உலகப் போரின்போது ஐரோப்பிய வயல்கள் பாழ்பட்டுக் கிடக்க, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் கோதுமைப் பரப்பை விரித்தன. 1918-இல் போர் முடிந்து ஐரோப்பிய உழவர் மீண்டும் ஏர் பூட்டியபோது, விரித்தவர்கள் சுருக்கிக்கொள்ளவில்லை. சர்க்கரைக்கும் ரப்பருக்கும் நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. இரண்டாவது, கடன் வளையம். ஜெர்மனி போர் நஷ்டஈடு செலுத்த வேண்டியிருந்தது. அதைப் பெற்ற பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவுக்குப் பட்ட கடனை அடைக்க வேண்டியிருந்தது. ஜெர்மனிக்குக் கடன் கொடுத்ததோ அமெரிக்கா. இவ்வளையத்தில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930-இல் அமெரிக்கா இறக்குமதிச் சுங்கத்தை மிக உயர்த்தவே, பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. உலக வாணிபம் சுருங்கியது. 1931 மே மாதத்தில் வியன்னா நகரின் பெரிய வங்கியான கிரெடிட் அன்ஸ்டால்ட் தடுமாறி வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தன் நாணயத்துக்குப் பொன்னோடிருந்த பிணைப்பை அறுத்தது. 1933-இல் அமெரிக்காவில் உழைப்பாளர் நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தார்.

நியூயார்க்கில் பங்கு ஒன்றும் வைத்திராத தஞ்சாவூர் மிராசுதாரரையும், கோயம்புத்தூர்ப் பருத்தி விவசாயியையும் இது ஏன் தாக்கிற்று? அவர்கள் விளைவித்த பண்டத்தின் விலை உலகச் சந்தையோடு பிணைந்திருந்தது. சீனத்திலும் பிற இடங்களிலும் விற்காத பர்மா அரிசி, அன்று பர்மாவும் இந்தியாவின் பகுதியாகவே இருந்தபடியால், தடையின்றிச் சென்னைக்கு வந்திறங்கியது. சயாம் அரிசியும் சேர்ந்து வந்தது. 1929-க்கும் 1933-க்கும் இடையே விளைபொருள் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று.

ஆனால் விலை வீழ்ச்சி துன்பத்தின் ஒரு பாதிதான். மறு பாதி கடனில் இருந்தது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டை நான்கு ரூபாய் விற்ற நாளில் ஒருவர் நூறு ரூபாய் கடன் வாங்கினார். இருபத்தைந்து மூட்டை விற்றால் அக்கடன் தீரும். விலை இரண்டு ரூபாயானதும் அதே நூறு ரூபாய்க்கு ஐம்பது மூட்டை அளக்க வேண்டும். அவர் புதிதாக ஒரு காசும் வாங்கவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் கடன் இரட்டித்துவிட்டது. நிலவரியும் ரூபாயிலேயே விதிக்கப்பட்டபடியால் அதுவும் இவ்வாறே கனத்தது. விலை விழுந்தது; வரியும் வட்டியும் விழவில்லை. பெருமந்தத்தின் உயிர்நிலை இதுவே. சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் மாகாணத்தின் கிராமக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதனைச் சுமார் 200 கோடி என்றது.

உள்நாட்டிலேயே வேறொரு காரணமும் இருந்தது. ஹில்டன் யங் கமிஷன் 1926-இல் செய்த பரிந்துரைப்படி, 1927-இல் ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாயிற்று. அதற்கு முன் பலர் வேண்டியது 1 ஷில்லிங் 4 பென்ஸ். இரண்டு பென்ஸில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 4 பென்ஸ் விகிதத்தில் வெளிநாட்டில் ஒரு பவுனுக்கு விற்ற சரக்குக்கு 15 ரூபாய் கிடைக்கும்; 6 பென்ஸ் விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான். இழப்பு ஏற்றுமதிப் பயிர் விளைவிப்பவரைச் சேர்ந்தது. கமிஷனின் உறுப்பினர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் இதனை எதிர்த்துத் தனிக் குறிப்பு எழுதினார். விகிதம் மாறவில்லை. அதனைக் காக்கும் பொருட்டு, மந்தம் வந்த பின்னும் அரசாங்கம் நாணயப் புழக்கத்தைச் சுருக்கியே வந்தது. விலை வீழும் காலத்தில் பணத்தையும் சுருக்கினால் விலை மேலும் வீழாமல் என்ன செய்யும்?

இனி, ஊர் விட்டுச் சென்றவர்களைப் பார்ப்போம். அன்று தமிழ்நாட்டின் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து மலாயாவுக்கும், மண்டபம் முகாமிலிருந்து இலங்கைக்கும் தொழிலாளர் கங்காணிகளின் பின்னே சென்ற காலம். 1932-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் இரண்டு பென்ஸுக்கும் கீழே போயிற்று. தோட்டங்கள் மூடின, மூடாத தோட்டங்கள் கூலியைக் குறைத்தன. 1930-இல் மலாயா அரசாங்கம் உதவித்தொகையுடன் ஆள் வரவழைப்பதை நிறுத்தியது. இந்தியக் குடியேற்ற நிதியைக் கொண்டு கப்பல் கட்டணம் செலுத்தி, லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியரைச் சில ஆண்டுகளுக்குள் திருப்பி அனுப்பியது. இலங்கையில் சட்டப்படி வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலியே குறைக்கப்பட்டது.

திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் என்ன இருந்தது? அவர்கள் ஊரை விட்டதே அங்கு வேலையில்லாததால். இப்போது வேலை இன்னும் குறைந்திருந்தது. அதுகாறும் கடல் கடந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. மலாயாவின் கணக்கில் வேலையற்றோர் குறைந்தனர்; செங்கல்பட்டிலும் வடஆர்க்காட்டிலும் சேலத்திலும் திருச்சியிலும் அவர்கள் கூடினர். ஒரு நாடு தன் மந்தத்தின் ஒரு பகுதியைக் கப்பலேற்றி இன்னொரு நாட்டின் கிராமங்களில் இறக்கிவைத்தது என்று சொல்வது மிகையாகாது. 1934-இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் ஏற்பட்டு விலை உயர்ந்ததும், அதே தோட்டங்கள் அதே ஊர்களில் மீண்டும் ஆள் தேடின. 1938-இல் கூலிக் குறைப்புத் தகராறு எழுந்தபோதுதான் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடை செய்தது.

பர்மாவில் நிலைமை வேறு. அங்கே நம்மவர் கூலிகளாக மட்டுமல்லாமல் கடன் கொடுத்தவர்களாகவும் இருந்தனர். நெல் விலை வீழ்ந்து பர்மிய உழவர் தவணை தவறவே, அடமான நிலங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களிடமிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு; அப்பத்தாண்டின் இறுதிக்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது நிலமன்று; கொடுத்த பணம். கிடைத்ததோ விற்க முடியாத நிலமும் ஊராரின் பகையும். கடன் வாங்கியவனையும் கொடுத்தவனையும் ஒருசேரக் கெடுப்பது மந்தத்தின் இயல்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? டெல்லியில் நிதி உறுப்பினராக இருந்த சர் ஜார்ஜ் ஷுஸ்டர் வரவையும் செலவையும் சரிக்கட்டுவதையே முதற்கடமையாகக் கொண்டார். 1931 செப்டம்பரில் அவசர வரவுசெலவுத் திட்டம் வந்தது. வரிகளின் மேல் நூற்றுக்கு 25 பங்கு மிகைவரி விதிக்கப்பட்டது. அரசு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 10 பங்கு வெட்டப்பட்டது. அரசாங்கம் தன் பேரேட்டைச் சரிக்கட்டிற்று. குடிகளின் பேரேடு சரியாகவில்லை. மந்த காலத்தில் எல்லாரும் செலவைச் சுருக்கும்போது அரசாங்கமும் சுருக்கினால் பண்டத்தை வாங்குவார் யார் என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-இல் வெளிவந்த தம் நூலில் முழுமையாக விளக்கினார். அதற்குள் மந்தத்தின் கொடிய ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன.

அதே செப்டம்பரில் பிரிட்டன் பொன் பிணைப்பை விட்டதும், ரூபாய் பவுனோடு கட்டப்பட்டு அதனுடன் இறங்கிற்று. பொன்னின் விலை ஏறிற்று. தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை என்று சட்டம் வகுத்திருந்த தங்கம், 1934-இல் 30 ரூபாய்க்கும் மேல் விற்றது. கடனும் வரியும் நெருக்கிய வீடுகளிலிருந்து நகைகள் வெளிவரத் தொடங்கின. தாலியொழிய மற்றவையெல்லாம் தட்டான் தராசுக்குச் சென்றன. அந்தப் பத்தாண்டில் இந்தியாவிலிருந்து வெளியேறிய தங்கம் 300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது. ஏற்றுமதியைத் தடுக்குமாறு தேசியத் தலைவர்கள் வற்புறுத்தினர், அரசாங்கம் தடுக்கவில்லை. லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளைச் செலுத்த அத்தங்கம் மிகவும் உதவிற்று. நல்ல விலைக்கு விற்றார்கள் என்று சிலர் சமாதானம் சொன்னதுண்டு. விருப்பத்தோடு விற்பவன் பெறும் விலைக்கும், வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது விற்பவன் பெறும் விலைக்கும் உள்ள வேற்றுமையை நம் தாய்மார் அறிவர்.

இவ்விடத்தில் பெங்களூரில் வாழும் நமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து தங்கம் வெளியேறிய அதே ஆண்டுகளில், இந்நகருக்குக் கிழக்கே கோலார் தங்கவயலில், பெரும்பாலும் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளரே பூமிக்கடியிலிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டிருந்தனர். உலகத்தில் எல்லாப் பண்டத்தின் விலையும் வீழ்ந்தபோது, விலை ஏறிய பண்டம் அது ஒன்றே. லண்டனில் அவுன்ஸ் 85 ஷில்லிங் அளவில் நின்றிருந்த தங்கம் 1934-இல் 130 ஷில்லிங்கைக் கடந்தது. ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்திலிருந்த சுரங்கங்கள் மந்தத்தால் மூடவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்குச் சென்ற தமிழன் திருப்பி அனுப்பப்பட்டான். தங்கச் சுரங்கத்துக்கு வந்தவன் நிலைத்தான். இருவரும் ஒரே மாவட்டத்தார். ஒரே வறுமையால் ஊர் விட்டவர். எவன் வாழ்ந்தான், எவன் வாடினான் என்பதைத் தீர்மானித்தது அவனவன் உழைப்பன்று. அவன் தோண்டிய பண்டத்தின் உலக விலை. அச்சுரங்கங்களும் 2001-இல் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வந்து வேலை பார்த்துத் திரும்புகின்றனர்.

மைசூர் சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளை மந்தம் விட்டுவைக்கவில்லை. ஜப்பான், சீனப் பட்டு மலிவாக வந்து குவிந்ததால் மைசூர்ப் பட்டு விவசாயி பெருநஷ்டமுற்றார். பத்ராவதி இரும்பாலை சந்தையின்றித் திணறியது. 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயில் இந்நிலையில் மேற்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. கிருஷ்ணராஜ சாகரத்து நீர் புதிய கால்வாய் வழியே மண்டியா வறண்ட நிலங்களுக்குப் பாய்ந்தது. 1932-இல் இந்திய அரசாங்கம் ஜாவாச் சர்க்கரைக்கு எதிராகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய வாய்ப்பைப் பயன்படுத்தி, 1933-இல் சமஸ்தானத்தின் ஆதரவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி மண்டியாவில் நிறுவப்பட்டது. நெல்லும் கேழ்வரகும் விலைபோகாத நாளில், கரும்புக்கு உறுதியாக வாங்குவோர் அருகிலேயே தோன்றினர். 1936-இல் பத்ராவதியில் காகித ஆலைக்கு அடிகோலப்பட்டது. 1940-இல் பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலையிலும் சமஸ்தானம் பங்கு கொண்டது. இவ்வாலைகள் மந்தத்தை ஒழித்துவிட்டன என்று நாம் கூறவில்லை. ஆனால் பின்னாளில் தமிழர் பலர் இந்நகருக்கு வந்து பிழைக்க இத்தகைய தொழில்களே வாயில் திறந்தன.

சென்னை மாகாணத்தின் பணியையும் மறக்கலாகாது. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை மந்தத்தின் நடுவே, 1934-இல் முடிவுற்றது. பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. நிலத்திலும் வட்டித் தொழிலிலும் போட்டுப் பயன் காணாத பணம் பஞ்சாலைகளை நாடிற்று. 1935-இல் வெளிநாட்டுக் குறுநொய்க்கு மணங்குக்கு 12 அணா சுங்கம் விதிக்கப்பட்டது. ஆனால் நாம் முன்பு கூறிய உயிர்நிலையை, அதாவது விலைக்கும் கடனுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை, நேராகத் தொட்டது 1938-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமேயாகும். ராஜாஜி பிரதமராக இருந்த மாகாண அரசாங்கம் அதனை இயற்றிற்று. 1932 அக்டோபர் 1-க்கு முன் பட்ட கடனாயின், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையிலிருந்த வட்டி தள்ளப்பட்டது, அசலே பாக்கி. அசலைப் போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தால் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

இச்சட்டம் சிறந்ததே, ஆயினும் விலை வீழ்ந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் ஏலம் போன நிலங்கள் பல. நிலம் உடையவருக்கு அது உதவிற்று. நிலமே இல்லாத கூலியாளுக்கும், மலாயாவிலிருந்து வெறுங்கையோடு இறங்கியவருக்கும் தள்ளுபடி செய்ய என்ன வட்டி இருந்தது? அவர்களை எந்தச் சட்டமும் எண்ணவில்லை.

அந்நாளிலிருந்து நாடு கற்றுக்கொண்டவை உண்டு. 1935 ஏப்ரல் 1-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிற்று. 1962-இல் வங்கி வைப்புகளுக்குக் காப்புறுதி ஏற்பட்டது. 2020-இல் அதன் வரம்பு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்த 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் தொழில்கள் நின்று, நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 5.8 பங்கு சுருங்கியபோது, ரிசர்வ் வங்கி மார்ச் மாதத்திலேயே கடன் தவணைக்கு ஒத்திவைப்பு அளித்தது. ஒத்திவைத்த காலத்துக்கு வட்டிமேல் வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1938-இல் எட்டு ஆண்டுகள் தாழ்த்து வந்த அறிவு, இம்முறை சில வாரங்களில் வந்தது.

ஆனால் வேற்றூரில் உழைப்பவரை எண்ணும் வகையில் அத்துணை விரைவு இல்லை. அதே ஆண்டு மே மாதம், பெங்களூரிலிருந்து வெளிமாநிலத் தொழிலாளரை ஏற்றிச் செல்லவிருந்த சிறப்பு ரயில்களை மாநில அரசு முதலில் நிறுத்தி, எதிர்ப்பு எழுந்த பின் மீண்டும் விட்டது. 1930-இல் மலாயா வேண்டாமென்று அனுப்பியது; 2020-இல் இந்நகரம் வேண்டுமென்று நிறுத்தப் பார்த்தது. இரண்டிலும் அந்த மனிதனின் விருப்பத்தைக் கேட்டவரில்லை. வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் வினவியபோது, கணக்கு இல்லை என்பதே விடையாக வந்தது.

அதன் பின்னர் இரு ஏற்பாடுகள் வந்துள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 30 கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் இடம்பெற்றுள்ளனர். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை உடையவர், சொந்த ஊரில் பெயர் நீங்காமலே, வேலை செய்யும் ஊரின் கடையில் தம் பங்குத் தானியத்தை வாங்கலாம். குடும்பத்தில் பாதிப்பேர் திருவண்ணாமலையிலும் பாதிப்பேர் பெங்களூரிலும் இருப்பினும் பிரித்து வாங்கலாம். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்திருக்கும் நம்மவருள் பலர் இதனை இன்னும் அறியார். எழுதப் படிக்கத் தெரிந்து அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் நாம், நம் தெருவில் உள்ள ஒருவருக்கேனும் இதனை எடுத்துச் சொல்லி, பதிவு செய்யவும் துணை நின்றால் நன்று.

மந்தம் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. வரும்போது விலையை நிறுத்துவதும், கடனைத் தணிப்பதும், பணத்தைப் புழங்கவிடுவதும் அரசாங்கத்தின் வேலை. அவ்வேலையைத் தாழ்த்தாமல் செய்தல் வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுகள் தந்த முதற்பாடம். அவ்வேலையின் பயன், எந்த ஊரின் பட்டியலிலும் பெயரில்லாமல் இரண்டு ஊர்களுக்கிடையே நிற்பவனையும் சென்று சேர வேண்டும் என்பது, இன்னும் முழுதும் கற்கப்படாத பாடமாகும்.